ஒரு நிமிடத்துக்கான துப்பாக்கி

2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசுத் தளவாடத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே ஒரு ரிவால்வரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எடை அரைக் கிலோ, டைட்டானியம் கலந்த உலோகம், கைப்பைக்குள் அடங்கும் அளவு, நகைக்கடையில் கொடுப்பதுபோல் ஒரு பெட்டி. விலை 1,22,360 ரூபாய். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் சிதைக்கப்பட்ட மாணவிக்கு ஊடகங்கள் சூட்டிய ‘நிர்பயா’ என்ற பெயரைத் தழுவி இதற்கு ‘நிர்பீக்’ என்று பெயர் வைத்தார்கள். பதினோரு ஆண்டுகள் கழித்து, 2025 மே 28 அன்று, அசாம் அமைச்சரவை இன்னொரு முடிவெடுத்தது. துப்ரி, பார்பேட்டா, மோரிகான், கோல்பாரா போன்ற பகுதிகளில் வாழும் பூர்வகுடி மக்களுக்குத் தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் தாராளமாக வழங்கப்படும் என்றது. முதலாவது பெண்களின் பயத்துக்கு மருந்து. இரண்டாவது, சொந்த மண்ணிலேயே எண்ணிக்கையில் சிறுத்துவிடுவோமோ என்ற பயத்துக்கு. இரண்டிலும் அரசு தன் குடிமக்களிடம் ஒன்றைத்தான் ஒப்புக்கொள்கிறது: நான் வந்து சேர நேரமாகும், அதுவரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காவல்துறை எப்போதும் சம்பவம் முடிந்த பிறகே வரும் என்று சினிமா பார்த்தே பழகிய நமக்கு இதில் தப்பு இருப்பதாகத் தோன்றாது. ஆபத்து நம் கையில் இல்லை, ஆயுதமாவது கையில் இருக்கட்டுமே என்ற எண்ணம் இயல்பானது. அப்படியானால் சாதாரண மக்கள் தற்காப்புக்காக ஆயுதம் வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்பது என் கட்சி. அகிம்சையை முன்னிறுத்தி இதைச் சொல்லவில்லை. கொல்ல வருகிறவனைத் திருப்பி அடிப்பது பாவம் என்று நான் நினைக்கவில்லை, நம் சட்டமும் நினைக்கவில்லை. என் வாதம் வெறும் கணக்கு. ஓர் ஆண்டுக்கு 5,25,600 நிமிடங்கள். துர்பாக்கியசாலி ஒருவருக்கு அதில் ஒரே ஒரு நிமிடம் ஆயுதம் தேவைப்படலாம். மிச்சமுள்ள 5,25,599 நிமிடங்களிலும் அந்த ஆயுதம் அவரோடுதான் இருக்கும். அவருடைய அலமாரியில், தலையணைக்கு அடியில், குடிபோதையில், கடன் தொல்லையில், கணவன் மனைவி சண்டையில், பிள்ளைகளின் விளையாட்டில். ஆயுதத்தை வாங்குகிறவர் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் மனத்தில் வைத்து வாங்குகிறார். விலையைக் கொடுப்பது மற்ற நிமிடங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தற்காப்பு உரிமை வேறு, ஆயுதம் தாங்கும் உரிமை வேறு. முன்னது இந்தியச் சட்டத்தில் பலர் நினைப்பதைவிட வலுவானது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த இந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் அப்படியே தொடர்கிறது. உயிர்ப் பயம், கொடுங்காயம், பாலியல் வன்முறை, கடத்தல், மீள முடியாதபடி அடைத்துவைத்தல், அமிலவீச்சு என்று வகை பிரித்து, இந்தச் சூழல்களில் தாக்குகிறவனின் உயிரே போனாலும் அது குற்றமில்லை என்கிறது சட்டம். அமிலவீச்சு 2013-ல் சேர்க்கப்பட்டது. அடி விழும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆபத்து நெருங்கிவிட்டது என்று நியாயமாக அஞ்சும் கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. அந்த அச்சம் தீர்ந்ததும் உரிமையும் தீர்ந்துவிடும். தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது, காவல்துறையை நாட அவகாசம் இருந்தால் நாட வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். அதிலும், உயிருக்குப் போராடுகிறவன் ஒவ்வொரு அடியையும் தராசில் நிறுத்துக் கொடுக்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப ஏற்றிருக்கின்றன.

இந்தப் பிரிவுகளில் எங்கும், கையில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். உலக்கை, கரண்டி, செங்கல், மேசை நாற்காலி, எது அகப்பட்டதோ அது. 2019 ஆகஸ்டில் கடையம் அருகே ஒரு வீட்டு வாசலில் அரிவாளோடு வந்த இரண்டு முகமூடிக் கொள்ளையரை வயதான தம்பதி பிளாஸ்டிக் நாற்காலிகளையும் செருப்புகளையும் வீசி விரட்டியதைத் தமிழ்நாடே கண்காணிப்பு கேமரா காட்சியில் பார்த்தது. அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் அவர்களுக்கு அரசு வீரதீர விருது கொடுத்தது. கழுத்துச் சங்கிலி போனது, உயிர் போகவில்லை. அந்தத் திண்ணையில் ஒரு துப்பாக்கியும் இருந்திருந்தால் அது யார் கைக்கு முதலில் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆயுதம் தாங்கும் உரிமை என்று ஒன்று நம் நாட்டில் கிடையாது, உரிமம்தான் உண்டு. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பியவர், மாவட்ட ஆட்சியரிடமோ மாநகரக் காவல் ஆணையரிடமோ விண்ணப்பித்து, போலீஸ் விசாரணையைத் தாண்டி, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் பெற்றுத் துப்பாக்கி வாங்கலாம். ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று புதிதாகச் சேர்த்ததும் அதே திருத்தம்தான். ஒன்பது அங்குல நீளத்தையோ இரண்டு அங்குல அகலத்தையோ தாண்டிய வாள், கட்டாரி வகைகளும் ஆயுத விதிகளின் பட்டியலில் உள்ளன. வீட்டுக்கும் வயலுக்குமான கத்தி, அரிவாளுக்கு விலக்கு. 2016 இறுதியில் நாடு முழுவதும் இருந்த ஏறத்தாழ 33.69 லட்சம் உரிமங்களில் 12.77 லட்சம் உத்தரப்பிரதேசத்தில் மட்டும். அங்கெல்லாம் தோளில் தொங்கும் துப்பாக்கி பயத்தின் அடையாளம் அன்று, அந்தஸ்தின் அடையாளம். மத்தியப்பிரதேசத்தின் சிவபுரி மாவட்டத்தில் 2008-ல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொள்ளும் ஆண்களுக்குத் துப்பாக்கி உரிமத்தில் முன்னுரிமை என்று நிர்வாகம் அறிவித்தது. ஆண்மை போய்விடும் என்று அஞ்சியவர்களுக்கு மாற்று ஆண்மை. தற்காப்பு என்று விண்ணப்பத்தில் எழுதுவதற்கும் உண்மைக் காரணத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் கிடைக்காது.

சரி, அந்த ஒரு நிமிடத்துக்கு வருவோம். அப்போதாவது துப்பாக்கி காப்பாற்றுமா? அமெரிக்காவின் சால்ட் லேக் நகரக் காவல்துறையில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டூலர் 1983-ல் ஒரு எளிய சோதனையை எழுதி வைத்தார். கத்தியோடு ஓடிவருகிறவன் 21 அடி தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை வினாடி. உறையிலிருந்து துப்பாக்கியை உருவிக் குறிபார்த்துச் சுட, பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கும் அவ்வளவு நேரம் தேவை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து, சாவிக்கொத்தையும் கைக்குட்டையையும் விலக்கி நிர்பீக்கை எடுப்பவருக்கு எவ்வளவு? குறிபார்ப்பதிலும் இதே கதைதான். நியூயார்க் காவல்துறையின் 1998 முதல் 2006 வரையிலான துப்பாக்கிச் சண்டைகளை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம், போலீசார் சுட்ட குண்டுகளில் நூற்றுக்கு 18 மட்டுமே இலக்கில் பட்டதாகக் கண்டது. மிச்சம் 82 குண்டுகளும் தெருவில்தான் எங்கேயோ போயின. ஆண்டுக்கு ஆண்டு பயிற்சி எடுக்கும் சம்பளக்காரர்களின் லட்சணம் இது. பிலடெல்பியாவில் சுடப்பட்ட 677 பேரை, சுடப்படாத அதே நகரவாசிகளோடு ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, கையில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சுடப்படும் வாய்ப்பு நாலரை மடங்கு அதிகம் என்றது. துப்பாக்கி இருக்கிற தைரியத்தில் விலகிப்போக வேண்டிய இடத்தில் நின்று மல்லுக்கட்டுவதும், அந்தத் துப்பாக்கியே எதிராளியின் கைக்குப் போவதும் இதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

அமெரிக்கக் கணக்குகளையே ஏன் எடுக்கிறேன் என்றால், இந்தச் சோதனையை முழு அளவில் தன்மேல் நடத்திப் பார்த்த நாடு அதுதான். உலக மக்கள்தொகையில் நாலு சதவீதம் அந்த நாட்டினர். 2017 மதிப்பீட்டின்படி உலகில் பொதுமக்களிடம் இருந்த 85.7 கோடி துப்பாக்கிகளில் 39.3 கோடி அவர்களிடம். 1791-ல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த இரண்டாம் திருத்தம் வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் தனிமனித உரிமையைத் தருகிறது என்று 2008-லும், வீதியில் எடுத்துச் செல்லும் உரிமையையும் தருகிறது என்று 2022-லும் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-ல் மட்டும் அங்கே 48,830 பேர் துப்பாக்கியால் இறந்தார்கள். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். யாரிடமிருந்து காத்துக்கொள்ள வாங்கினார்களோ அந்த அந்நியன் இந்தக் கதையில் வரவே இல்லை.

சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியில் ஆர்தர் கெல்லர்மன் என்ற மருத்துவர் 1986-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் விவாதிக்கப்படுகிறது. வீட்டில் வைத்திருந்த துப்பாக்கியால் அந்த வீட்டுக்குள்ளேயே நேர்ந்த 398 சாவுகளை அவர் எடுத்துக்கொண்டார். உள்ளே நுழைய முயன்றபோது சுடப்பட்டவர்கள் இரண்டே பேர். தற்காப்பில் கொல்லப்பட்டவர்கள் ஏழு பேர். மற்றவை எல்லாம் தற்கொலை, கொலை, கைதவறிய விபத்து. இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அது நல்ல எதிர்வாதம்: தற்காப்பு என்பது திருடனைக் கொல்வதில் இல்லை, காட்டி விரட்டுவதிலும் இருக்கிறது, அது பிணக் கணக்கில் வராது. உண்மைதான். இன்னொன்றும் சொல்வார்கள்: ஏற்கெனவே ஆபத்தில் இருப்பவர்கள்தான் துப்பாக்கி வாங்குகிறார்கள், எனவே சாவுக்குக் காரணம் துப்பாக்கி இல்லை, அந்த ஆபத்துதான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மிகப் பெரிய கூட்டம் வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் 2.6 கோடி பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட எட்டு மடங்கு. பெண்களுக்கு முப்பத்தைந்து மடங்கு. சாக முடிவெடுத்த பிறகு வாங்கியவர்கள் என்று எல்லோரையும் ஒதுக்கிவிடவும் முடியாது. பாதிக்குச் சற்று மேற்பட்டவை வாங்கி ஓராண்டு கழிந்த பிறகு நடந்தவை. அலமாரியில் சும்மா கிடந்த ஆயுதம் ஒரு கெட்ட ராத்திரிக்காகக் காத்திருந்தது.

மனம் உடைந்த கணம் நிலையானதில்லை, கடந்துபோகக் கூடியது என்பதைத் தமிழர்கள் அமெரிக்காவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1995 வாக்கில் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலைகள் நடந்தன. உலகின் மிக மோசமான அளவுகளில் ஒன்று அது. போர் நடந்துகொண்டிருந்தது, வறுமை இருந்தது. அரசு செய்தது, மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை 1995-லும் அதன் பிறகும் அடுத்தடுத்துத் தடைசெய்ததுதான். அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய எழுபது சதவீதம் இறங்கியது. துயரம் எழுபது சதவீதம் குறைந்துவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது எட்டாமல் போனது, அதற்குள் விடிந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் ஊரில் சொல்வதும் இதைப் பற்றித்தான். புத்தி திரும்பும்வரை அவன் கையில் என்ன இருக்கிறது என்பதே அவன் விதியைத் தீர்மானிக்கிறது.

துப்பாக்கி ஆதரவாளர்கள் பெரிதாக நம்பும் எண் ஒன்று உண்டு: ஆண்டுக்கு 25 லட்சம் முறை அமெரிக்கர்கள் துப்பாக்கியால் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள். கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1995-ல் சொன்னது. அது பிறந்த விதம் சுவாரசியமானது. தொலைபேசியில் ஏறத்தாழ ஐயாயிரம் பேரிடம் கேட்டார்கள். நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் ‘ஆம், கடந்த ஆண்டு பயன்படுத்தினேன்’ என்றார்கள். அதை நாட்டின் வயதுவந்தோர் எண்ணிக்கையோடு பெருக்கினார்கள். டேவிட் ஹெமன்வே என்ற பொதுச் சுகாதாரப் பேராசிரியர் இதில் உள்ள ஓட்டையைக் காட்டினார். மிக அபூர்வமாக நடப்பதைப் பற்றிக் கேட்கும்போது, நூற்றுக்கு ஒருவர் பெருமைக்காகவோ மறதியாலோ தவறாகத் தலையாட்டினாலும் போதும், லட்சக்கணக்கில் இல்லாத சம்பவங்கள் பிறந்துவிடும். அமெரிக்க அரசு நடத்தும் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு, உங்களுக்கு எதிராகக் குற்றம் நடந்ததா என்று முதலில் கேட்டுவிட்டு, நடந்தது என்பவரிடம் மட்டுமே என்ன செய்தீர்கள் என்று கேட்கும். அதில் கிடைத்த எண்ணிக்கை ஒரு லட்சத்தை ஒட்டியதுதான். ஒரு லட்சமும் சின்ன எண் இல்லை. ஆயுதம் யாரையும் ஒருபோதும் காப்பாற்றியதே இல்லை என்று வாதிடுவது அபத்தம், நான் அப்படி வாதிடவும் இல்லை. ஆயுதம் பெருகினால் குற்றம் குறையும் என்று ஜான் லாட் 1998-ல் எழுதிய புத்தகத்தையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அந்த முடிவுக்கு ஆதாரம் போதாது என்று 2004-ல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு கூறிவிட்டது. ஜான் டோனஹூ குழுவினரின் 2019 ஆய்வு, மறைத்துவைத்துத் துப்பாக்கி எடுத்துச்செல்லத் தாராள அனுமதி கொடுத்த மாநிலங்களில் பத்து ஆண்டுகளில் வன்குற்றம் 13 முதல் 15 சதவீதம் வரை கூடியதாகக் கணக்கிட்டது.

பெண்களின் பாதுகாப்பு என்ற வாதம்தான் எல்லாவற்றையும்விட உருக்கமானது. அதனால்தான் அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். தேசியக் குற்றப் பதிவேட்டின் அண்மை ஆண்டு அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்குத் தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், காதலிப்பதாகச் சொன்னவர், வேலை கொடுத்தவர். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நிர்பீக் தயாரானது இருட்டுச் சாலையில் பின்தொடரும் அந்நியனை எதிர்பார்த்து. மாமாவையோ மேலாளரையோ எதிர்பார்த்து யாரும் கைப்பையைத் திறந்து வைத்திருப்பதில்லை. அதுமட்டும் இல்லை. வீட்டுக்குள் வரும் துப்பாக்கிக்கு அது யாருடைய பாதுகாப்புக்காக வந்தது என்று தெரியாது. கலிஃபோர்னிய ஆய்வின் தொடர்ச்சியாக 2022-ல் வந்த இன்னொரு ஆய்வு, தாங்கள் துப்பாக்கி வைத்திராமல், துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. அவர்கள் துணைவர் கையால் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். பெண்ணைக் காக்க வாங்கியது என்று எத்தனை வீடுகளில் சொல்லி வாங்கியிருப்பார்களோ.

கெட்டவன் கையில் ஆயுதம் இருக்கத்தானே செய்கிறது, நல்லவன் மட்டும் வெறுங்கையோடு நிற்பதா என்ற கேள்வி அடுத்து வரும். இந்தியாவில் பொதுமக்களிடம் 7.1 கோடி துப்பாக்கிகள் இருக்கலாம் என்றும், அதில் ஒரு கோடிக்கும் குறைவானவையே பதிவானவை என்றும் 2017-ல் சுமால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு மதிப்பிட்டது. நாட்டுத் துப்பாக்கிகள் பட்டறைகளில் பிறந்து கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த வேரை அறுப்பதுதான் வேலை. வாசலுக்கு வாசல் இன்னொரு செடியை நட்டால் வேர் அறுந்துவிடாது. ஆயுதத்துக்கு ஒரு தொற்றுக்குணம் உண்டு: பக்கத்து வீட்டில் இருப்பது தெரிந்தால் என் வீட்டுக்கும் வேண்டியிருக்கும். நம் தென்மாவட்டங்களின் வீச்சரிவாள் வரலாறே இதற்குச் சாட்சி. பழிக்குப் பழி என்று தொடங்கியவர்கள் எல்லோரும் முதல் அரிவாளைப் ‘பாதுகாப்புக்கு’ என்றுதான் வண்டி சீட்டுக்கு அடியில் செருகினார்கள். 2021-ல் தமிழகக் காவல்துறை, அரிவாள் அடிக்கும் பட்டறைகளில் வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்கவும் கேமரா பொருத்தவும் சொல்ல வேண்டிவந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சக மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியபோது அவர்களுக்கு எந்த உரிமமும் தேவைப்படவில்லை. சாதி வெறி எங்கிருந்தோ ஊட்டப்பட்டது, அரிவாள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது.

அரசே எட்டிப்பார்க்காத இடங்களில் என்ன செய்வது? இந்த எதிர்வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். ஜம்முவின் மலைக்கிராமங்களில் பயங்கரவாதிகள் வந்தால் பாதுகாப்புப் படை ஏறிவர மணிக்கணக்காகும். அங்கே 1995 முதல் கிராமப் பாதுகாப்புக் குழுக்களுக்கு அரசு ரைபிள் கொடுத்திருக்கிறது. அது உயிர்களைக் காத்ததும் உண்டு, குழு உறுப்பினர்கள் சிலர் மேலேயே கொலை, பாலியல் வன்முறை வழக்குகள் பதிவானதும் உண்டு. ஆனால் அது அரசின் துப்பாக்கி, பெயர் எழுதி, குண்டு எண்ணிக் கொடுப்பது. அவரவர் வாங்கி இடுப்பில் செருகுவது வேறு. அரசு கொடுத்தாலே போதும் என்பதும் இல்லை. சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளை எதிர்க்கப் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கித் துப்பாக்கி கொடுத்ததை 2011-ல் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று நிறுத்தியது. மணிப்பூரில் நடந்தது இன்னும் கசப்பான பாடம். 2023 மே 3-ல் கலவரம் மூண்டதும் காவல்துறைக் கிடங்குகளிலிருந்து ஆறாயிரத்தை ஒட்டிய ஆயுதங்கள் சூறையாடப்பட்டன. மெய்தெய் கிராமங்களிலும் குக்கி கிராமங்களிலும் மண்மூட்டை அடுக்கிக் காவலிருந்தவர்கள் தங்களைத் தன்னார்வலர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். இரு தரப்பும் சொன்ன காரணம் தற்காப்பு. இரு தரப்பும் அதை மனசாரவே சொன்னார்கள். என் தற்காப்பு உனக்குத் தாக்குதலாகத் தெரிகிறது, உன் தற்காப்பு எனக்கு. 250 பேருக்கு மேல் செத்தார்கள். 2025 பிப்ரவரியில் ஆளுநர் கெடு வைத்து வேண்டியபோது ஆயிரத்தை ஒட்டிய ஆயுதங்கள்தான் திரும்பி வந்தன. ஒருமுறை விநியோகமான பயத்தைத் திரும்ப வசூலிப்பது அவ்வளவு கடினம். அசாம் இதை அடுத்த வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது என்பதுதான் வியப்பு.

மக்களை நிராயுதபாணியாக்கியது வெள்ளைக்காரன் சூழ்ச்சிதானே என்ற வாதத்துக்கும் வரலாறு துணை நிற்கிறது. 1857-க்குப் பின் வந்த பயத்தில் வைசிராய் லிட்டன் 1878-ல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. காந்தியே 1918-ல் ராணுவத்துக்கு ஆள்சேர்க்கும் துண்டுப்பிரசுரத்தில் அந்தச் சட்டத்தைக் கடுமையாகச் சாடினார். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் உரிமைப் பட்டியலில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. ஆனால் சுதந்திரம் வந்தபின் 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கக் கோரியபோது, எல்லோருக்கும் என்றால் திருடனுக்கும் சேர்த்துத்தானா என்ற பொருளில் அம்பேத்கர் மறுத்தார். திருத்தம் தோற்றது. லிட்டனின் சட்டத்தில் இருந்த அநீதி பாகுபாடு. அதைத் தீர்க்கும் வழி எல்லோருக்கும் ஆயுதம் கொடுப்பது இல்லை, எல்லோருக்கும் ஒரே சட்டம். குடகில் கொடவர்களுக்கு இன்றும் உரிம விலக்கு உண்டு, அங்கே என்ன கெட்டுவிட்டது என்று கேட்பார்கள். கைல்பொள்து பண்டிகையில் பூச்சூட்டி வணங்கி, பிறப்புக்கும் இறப்புக்கும் வானில் சுட்டு அறிவிக்கும் குடும்பச் சொத்து அது. பயந்து வாங்கிய பொருள் இல்லை.

கத்தியும் துப்பாக்கியும் வேண்டாம், மிளகு ஸ்பிரேயாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், என் கணக்குப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பேன். பிரிட்டனில் அதுகூடத் தடைசெய்யப்பட்ட ஆயுதம். இங்கே உரிமம் தேவையில்லை. மற்ற 5,25,599 நிமிடங்களில் அது செய்யக்கூடிய அதிகபட்சக் கேடு கொஞ்ச நேர எரிச்சலும் இருமலும். அதுவும் தப்பான கைக்குப் போகும் என்பதற்கு நம் நாடாளுமன்றமே சாட்சி. 2014 பிப்ரவரி 13 அன்று தெலங்கானா மசோதாவின்போது விஜயவாடா எம்.பி. எல். ராஜகோபால் மக்களவையில் மிளகு ஸ்பிரே அடித்தார். சில உறுப்பினர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர் பின்னர் சொன்ன காரணமும் தற்காப்புதான். நிர்பீக் சந்தைக்கு வந்து மாதம் ஒன்றுதான் ஆகியிருந்தது. அன்றைக்கு அவர் கையில் இருந்தது ஸ்பிரே என்பதால் எல்லோரும் கண்ணைக் கழுவிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

நம்மில் சில வீடுகளில் அப்பா காலத்து ரிவால்வரோ தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியோ பீரோவில் இருக்கிறது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பழக்கத்தின் பேரில் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலின்போதும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும், ஒப்படைப்பார்கள், முடிந்ததும் போய் வாங்கி வருவார்கள். அடுத்த முறை ஒப்படைத்தால், திரும்ப வாங்கப் போகாதீர்கள். உரிமத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.